அறுநூறு ரூபாய்க்கு அகவிலைப்படி உண்டா?

விலைவாசி ஏறும்போதெல்லாம் நம் நாட்டில் கூடவே பெருகுகின்ற சரக்கு ஒன்று உண்டு. அதற்கு விலையும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. அதன் பெயர் அறிவுரை. தக்காளி விலை கூடினால், தக்காளி இல்லாமல் குழம்பு வைக்கும் வழியைச் சொல்லித்தர ஒருவர் வருகிறார். எண்ணெய் விலை கூடினால், எண்ணெயைக் குறைத்துக்கொள்வது இதயத்துக்கு நல்லது என்று இன்னொருவர் தேற்றுகிறார். மூன்றாமவர் சற்றுக் கடுமையானவர். ஏழைகளுக்குச் செலவு செய்யத் தெரியவில்லை, கைப்பேசிக்கும் பொட்டலத் தின்பண்டத்துக்கும் பணத்தை வீசிவிட்டுப் பிறகு பருப்புக்கு வழியில்லை என்று புலம்புகிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. இந்த மூவருக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கக் கூசி, வேறு தெரு வழியாக வீடு திரும்பிய அனுபவம் அவர்களுக்கு இல்லை.

இந்த அறிவுரைகளை மறுப்பதற்காகவே இக்கட்டுரை. சிக்கனம் ஏழைக்குக் கற்றுத்தரவேண்டிய பாடம் அன்று. அவள் அதில் பண்டிதை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணுக்கோ, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் இளைஞனின் தாய்க்கோ வீட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் அறிவு நம்மில் யாருக்கும் இல்லை. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. விலை ஏறும்போது அந்த ஏற்றத்தின் பாரத்தைத் தாங்கவேண்டியவர் யார்? அரசா, அடுப்பங்கரையில் நிற்கும் பெண்ணா? புதுச்சேரியில் இக்கேள்விக்கு ஒன்பது ஆண்டுக்காலம் ஒரு பதில் நடைமுறையில் இருந்தது. அந்தப் பதில் தவறானது என்பதே என் வாதம்.

குறைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு

விலை ஏறினால் ஏழைக் குடும்பம் உண்பதை நிறுத்திவிடுவதில்லை. உண்பதை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதன்று. அதற்கென ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் மாறுவது தரம். பொன்னி அரிசி வாங்கிய வீடு அதைவிடத் தாழ்ந்த ரகத்துக்கு இறங்குகிறது. கடலை எண்ணெய் பாமாயிலுக்கு இடம் கொடுக்கிறது. துவரம் பருப்பின் இடத்தில் மைசூர்ப் பருப்பு வருகிறது. அடுத்து மாறுவது அளவு. ஒரு லிட்டர் அரை லிட்டராகி, அரை லிட்டர் அன்றாடச் சிறு பொட்டலமாகிறது. குழம்பில் பருப்பு குறைந்து தண்ணீர் கூடுகிறது. சில நாளில் சாம்பார் என்ற பெயரே விடைபெற்று ரசமும் புளிக்குழம்பும் வாரம் முழுவதும் அரசாள்கின்றன. மூன்றாவதாக முட்டை, மீன், பழம் ஆகியவை ‘எப்போதாவது’ என்ற பட்டியலுக்குப் போகின்றன. கடற்கரை அருகிலுள்ள ஊர்களிலும் பச்சை மீனின் இடத்தைக் கருவாடு பிடிக்கிறது.

நான்காவது படி வெளியே தெரியாதது. அது தட்டில் நடக்கிறது. வேலைக்குப் போகும் கணவனுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் பரிமாறிய பின் எஞ்சியதே தாயின் பங்கு. விலை ஏறும் மாதத்தில் எஞ்சுவது சோறும் குழம்பின் வண்டலுமே. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. இதற்கு மருத்துவக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் கடைசியாக உண்பவள் என்ற காரணத்தை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது.

உணவோடு எரிபொருளும் சேர்கிறது. 2022 மே மாதத்தில் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையின் விலை ஆயிரம் ரூபாயைக் கடந்தது. உருளை வாங்கிய வீட்டின் கொல்லையில் மீண்டும் கல் அடுப்பு முளைத்தது. சவுக்குச் சுள்ளியும் பனை மட்டையும் தேடும் வேலை திரும்பிவந்தது. அந்த வேலைக்குக் கூலி இல்லை. அதன் புகைக்குக் கணக்கும் இல்லை. விலையேற்றத்தின் ஒரு பங்கைப் பெண்ணின் உழைப்பாகவும் மூச்சாகவும் மாற்றிச் செலுத்துகிறோம் என்பதே இதன் பொருள்.

கடைசியாக வருவது கடன். மளிகைக் கடையின் பற்று நோட்டு, பிறகு வாரத் தவணைக் குழு, அதற்கும் பிறகு காதிலுள்ள தோடு. இந்த வரிசையை நன்கு கவனித்துப் பார்த்தால் இதில் வீண்செலவு என்று குற்றம் சாட்டத்தக்க படி எதுவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்ந்த கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கொடியதாகவும் இருக்கிறது.

சிறிது சிறிதாக வாங்குபவனுக்கு அதிக விலை

வறியவன் சிறு பொட்டலமாக வாங்குவதைக் குறைகூறுவோர் ஒரு வரலாற்றை அறிவது நன்று. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறை இந்தியாவில் வேர்விட்ட இடங்களுள் முதன்மையானது, பாகூருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலுள்ள கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் என்ற தொழில்முனைவோர் காட்டிய வழியில் அவர் மக்கள் வளர்த்த வணிகம் நாடெங்கும் பரவியது. ஏழையின் சட்டைப்பையில் அன்றைக்கு இருக்கும் காசுக்கு ஏற்ற அளவில் பொருளைக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். அதில் ஒரு மரியாதையும் இருந்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தத்துவம் உணவுக்கு வந்து சேர்ந்தபோது வேறு முகம் காட்டியது. பொட்டலத்தின் விலை ஐந்து ரூபாயாகவே நிற்கும். உள்ளே இருக்கும் எடை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இளைக்கும். பெரிய நிறுவனங்கள் விலையேற்றத்தைச் சமாளிக்கும் வழி இதுவே. வாங்குபவள் அதே காசைக் கொடுத்துக் குறைவான பொருளோடு வீடு திரும்புகிறாள். எண் மாறாமல் பொருள் சுருங்கும் இந்த வித்தையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அரசும் இதே வித்தையைச் செய்ததைப் பின்னால் காண்போம்.

வரியும் சிறுகச் சிறுக வாங்குபவள் பக்கமே சாய்ந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவும் அதற்குக் குறைவுமாக அடைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றின்மீது 5 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. வணிகர்கள் வாளாவிருப்பார்களா? 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. மொத்தமாக 26 கிலோ வாங்க வசதியுள்ளவருக்கு வரி இல்லை. வாரக் கூலியில் ஐந்து கிலோப் பை வாங்குபவளுக்கு வரி உண்டு. தெருமுனைக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும்வரை அவள் தப்பிக்கலாம். அந்தக் கடைக்காரரே அவளுக்குக் கடனும் தருகிறவர் என்பதால் அங்கே விலைபேச அவளுக்கு வாய் எழாது.

புள்ளிவிவரம் சொல்வதும் சொல்லாததும்

குடும்பம் எவ்வளவு வறியதோ அவ்வளவு பெரிய பங்கு உணவுக்குப் போகும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் எழுதினார். நம் நாட்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி 2011-12-இல் கிராமப்புறக் குடும்பத்தின் நூறு ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 53 ரூபாய் உணவுக்குச் சென்றது. 2022-23-இல் அது 46 ரூபாயாயிற்று. தானியத்துக்கு மட்டும் ஏறத்தாழ 5 ரூபாய். பானங்கள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றுக்கு 9 ரூபாய் 62 காசு.

இந்த எண்களைக் கண்டதும் நமது மூன்றாவது அறிவுரையாளர் துள்ளி எழுகிறார். “பார்த்தீர்களா, தானியத்தைவிட இருமடங்கு தின்பண்டத்துக்கும் தேநீருக்கும் போகிறது! எங்கே இருக்கிறது பசி?” என்கிறார்.

பொறுங்கள் ஐயா. தானியச் செலவு குறைந்ததற்கு ஒரு பெருங்காரணம், நாட்டின் பெரும்பகுதியில் நியாயவிலைக் கடை அரிசியும் கோதுமையும் ஏழை வீட்டுக்கு ஏறக்குறைய விலையின்றி வந்ததாகும். கடைத்தெருவில் வாங்கவேண்டிய கட்டாயம் தளர்ந்ததால் செலவுக் கணக்கில் தானியம் சுருங்கியது. ஆக, இந்த எண் ரேஷன் கடையின் வெற்றிக்குச் சான்று பகர்கிறதே அன்றி, அது தேவையில்லை என்பதற்கு அன்று. பொட்டலமும் தேநீரும் பெருகியதற்கும் காரணம் உண்டு. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு அடுப்பு மூட்டாமல், விறகு செலவழிக்காமல், உடனே கிடைக்கும் பசியாற்றி ஒரு தேநீரும் ஒரு பன்னும். அதை ஆடம்பரம் என்று அழைப்பவர் ஒருநாள் அந்த ஆடம்பரத்தோடு நண்பகல்வரை சேற்றில் குனிந்து நிற்கட்டும்.

நெற்களஞ்சியத்தில் அரிசி வாங்குவோர்

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வது வழக்கம். பாகூர் ஏரியின் பாசனத்தில் விளையும் நெல்லைப் பார்த்தவர் அப்பெயரை மறுக்கமாட்டார். வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது. இவ்வளவு நெல் விளையும் ஊர்களில் அந்த நெல்லுக்கு உழைக்கும் குடும்பமே அரிசியைக் காசு கொடுத்து வாங்குகிறது.

ஒரு காலத்தில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாடப்போவதில்லை. மரக்காலில் சூழ்ச்சி இருந்தது, அளப்பவன் கையில் ஆணவம் இருந்தது, வாங்குபவன் முதுகு வளைந்திருந்தது. காசுக் கூலி அந்த வளைவை ஓரளவு நிமிர்த்தியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் நெல்லாக வாங்கிய கூலி வயிற்றளவில் மாறாது. காசாக வாங்கிய கூலி விலைக்குத் தக்கபடி சுருங்கும். இன்று அறுவடை இயந்திரம் கதிரை அறுத்து, நெல் நேரே லாரி ஏறிப்போகிறது. உழைத்தவளின் கைக்கு வருவது ரூபாய் மட்டுமே. இத்தகைய குடும்பத்துக்கு மாதந்தோறும் தானியமாகவே வந்துசேர்ந்த ஒரே வரவு ரேஷன் அரிசி. அதையும் ரூபாயாக மாற்றினால் என்ன ஆகும்?

ஒன்பது ஆண்டுச் சோதனை

2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்துப் புதுச்சேரியில் உணவு மானியம் பணமாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படலாயிற்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரவேண்டிய தானியத்துக்குப் பதிலாகப் பணம். அந்தத் தொகை நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையை அடியாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. கடைத்தெருவில் அரிசி விற்கும் விலையைக் கொண்டு அன்று. புதுச்சேரி அரசு தன் பங்குக்கு வழங்கிவந்த இலவச அரிசி சில மாதம் வந்தும் பல மாதம் வராமலும் தள்ளாடி, பின்னர் அதுவும் பணமாயிற்று. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய். மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய். அதாவது கிலோவுக்கு முப்பது ரூபாய்.

கடைகள் பூட்டப்பட்டன. ஊழியர்கள் சம்பளமின்றிப் போராடினார்கள். அரிசி நின்ற இடத்தில் கைப்பேசிக் குறுஞ்செய்தி நின்றது.

இனி அந்த முப்பது ரூபாயின் கதையைக் கேளுங்கள். கிலோ 40 ரூபாய் விற்கும் கடையில் 600 ரூபாய்க்கு 15 கிலோ வரும். 50 ரூபாய் விற்கும் கடையில் 12 கிலோ. 60 ரூபாயானால் 10 கிலோ. எந்த அரசும் ஏழையின் ரேஷனைப் பாதியாகக் குறைத்தோம் என்று ஆணை வெளியிடத் துணியாது. பணமாக மாற்றிவிட்டால் ஆணையே தேவையில்லை. சந்தை அந்த வேலையைச் சத்தமின்றிச் செய்துமுடிக்கிறது. அரிசி விலை உயர்வதைத் தடுக்க 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கே மத்திய அரசு தடை விதித்தது. தடை விதிக்கும் அளவுக்கு விலை ஏறுவதை அறிந்த அரசாங்கங்கள், அந்த அறுநூறை அதற்கு ஈடாக உயர்த்தவேண்டும் என்பதை மட்டும் அறியாமற்போயின.

ஐந்து ரூபாய்ப் பொட்டலம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? எண் மாறாது, பொருள் சுருங்கும். வணிகர் செய்தால் அதைத் தந்திரம் என்கிறோம். அரசு செய்தபோது அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

அரசு ஊழியருக்கு ஆண்டில் இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. விலைவாசி ஏறினால் ஊதியம் சுருங்கக்கூடாது என்ற நியாயத்தின்மேல் எழுந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு, அதை நான் குறைகூறவில்லை. எனது கேள்வி ஒன்றுதான். மாதச் சம்பளம் பெறுபவருக்குத் தேவைப்படும் அகவிலைப்படி, நாட்கூலிக்காரியின் அரிசிப் பணத்துக்குத் தேவையில்லையா? அமெரிக்காவில் ஏழைகளுக்கு வழங்கும் உணவு உதவித் தொகைகூட உணவு விலையைப் பார்த்து ஆண்டுதோறும் அக்டோபரில் திருத்தப்படுகிறது. பணமாகக் கொடுப்பதைப் போற்றும் பொருளியல் அறிஞர்கள், பணத்தை விலையோடு கட்டிவைக்க வேண்டும் என்ற அதன் முதல் நிபந்தனையை மட்டும் புதுச்சேரி எல்லையில் இறக்கிவிட்டு வந்தது ஏன்?

எல்லைக்கு அப்பால்

புதுச்சேரியின் நிலவியல் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. நம் எல்லை நேர்கோடன்று. வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் சென்றால் அரியூர்வரை புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருவாண்டார்கோயில் மீண்டும் புதுச்சேரி. தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். வயல் ஒன்று, பேச்சு ஒன்று, பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்ப்பதில்லை. ரேஷன் கடையில் மட்டும் எல்லை தெரிந்தது.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அதற்கும் முன்பே, 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தால் பருப்பும் பாமாயிலும் ரேஷன் கடைக்கு வந்தன. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்ற விலை பல்லாண்டுகளாக நிலைத்தது. துவரம் பருப்பு இல்லாதபோது கனடாப் பருப்பு வந்தது, சில மாதம் தாமதமாக வந்தது, வரிசை நீண்டது என்ற குறைகள் எல்லாம் உண்மை. இருப்பினும் வந்தது.

2015 அக்டோபரை நினைவுகூருங்கள். புதுச்சேரி பணத்துக்கு மாறிய மறுமாதம். நாட்டின் பல நகரங்களில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலி 183 ரூபாய். ஒருநாள் முழுதும் ஏரியில் மண் வெட்டினாலும் ஒரு கிலோ பருப்பு வாங்க முடியாது. அதே மாதத்தில் கண்டமங்கலத்துப் பெண் தன் ரேஷன் கடையில் அந்தக் கூலியில் ஆறில் ஒரு பங்கைக் கொடுத்துப் பருப்பு வாங்க இயன்றது. அரியூர்ப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. இருவருக்கும் இடையே சிக்கனத்தில் வேறுபாடு இல்லை, ஒழுக்கத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு அரசின் கொள்கையில் இருந்தது.

எதிர்வாதங்கள்

பணமாகக் கொடுக்கவேண்டும் என்போரின் வாதங்களை ஏளனம் செய்துவிட்டுப் போவது முறையன்று. ரேஷன் கடையில் கடத்தல் நடந்தது, அரிசியில் புழுவும் கல்லும் இருந்தன, எடை குறைந்தது, ஒப்பந்தங்களில் ஊழல் மணத்தது என்கிறார்கள். மறுக்கவில்லை. ஏழைக்குத் தன் விருப்பப்படி வாங்கும் உரிமை வேண்டும் என்கிறார்கள். அதில் ஒரு மாண்பும் உண்டு. புதுச்சேரி உள்ளிட்ட ஒன்றியப் பகுதிகளில் தொடக்க ஆண்டுகளில் நடந்த ஆய்வு, முதலில் பணம் வரவில்லை என்று முறையிட்டவர்களிடையே நாளடைவில் பணத்தை விரும்புவோர் பெருகினர் என்று கண்டது. அதையும் மறைக்கவேண்டியதில்லை. அதே ஆய்வு, வந்த பணத்தோடு கைப்பணத்தையும் சேர்த்தால்தான் பழைய அளவு தானியத்தை வாங்க முடிந்தது என்றும் கண்டது. முதற்பகுதியைப் பலமுறை மேற்கோள் காட்டியவர்கள் பிற்பகுதியை மறந்தனர்.

கடத்தல் நடந்தால் கடத்துபவனைப் பிடிக்க வேண்டும். கடையை மூடுவது எவ்விதத் தீர்வு? பள்ளியில் ஆசிரியர் வரவில்லை என்பதற்காகப் பள்ளியை இடித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகக் காசு கொடுப்போமா? விருப்பப்படி வாங்கும் உரிமை என்பது, வாங்கப் போதுமான பணம் கையில் உள்ளவருக்கே உரிமை. வங்கிக்குப் போய் வர ஒருநாள் கூலியை இழப்பவளுக்கும், கணக்கில் விழுந்த தொகையைக் குறைந்தபட்ச இருப்பு என்றும் பழைய கடன் என்றும் பிடித்தம் கொடுப்பவளுக்கும், வந்த பணம் எப்போது வந்தது என்றே அறியாதவளுக்கும் அது காகித உரிமை. அரிசியை மதுக்கடையில் மாற்றுவது கடினம், பணத்தை மாற்றுவது எளிது என்று பெண்கள் சொல்வதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அரிசியா பணமா என்ற இந்த வழக்கில் முதலமைச்சராக இருந்த வே. நாராயணசாமியும் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியும் எதிரெதிரே நின்றார்கள். மத்திய அரசு பணத்தின் பக்கம் நின்றது. முதலமைச்சர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அடுப்பில் உலை வைத்தவளுக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. அந்த ஆபத்து வேளையில் நாடு முழுவதும் மத்திய அரசு ஏழைகளுக்குக் கூடுதலாக வழங்கத் தீர்மானித்தது ஆளுக்கு ஐந்து கிலோ தானியம். சாதாரண நாளில் பணமே சிறந்தது என்று வாதிட்டவர்களும் ஆபத்து நாளில் களஞ்சியத்தைத்தான் திறந்தார்கள்.

விலைக்கும் பட்டினிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு அடியோடு இல்லாமற்போனதைவிட, விலை பறந்தபோது கூலி நின்ற இடத்தில் நின்றதே விவசாயத் தொழிலாளரையும் மீனவரையும் கொன்றது என்று 1981-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இன்று பாகூரில் பஞ்சம் இல்லை. அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்துவது பொய்யாகும். ஆனால் அசையாத ரூபாயை ஓடுகின்ற விலையோடு போட்டியிட விட்டால் தோற்பவர் யார் என்ற பாடம், பஞ்சம் இல்லாத நாளுக்கும் பொருந்தும்.

திறந்த கதவு

2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, என். ரங்கசாமி தலைமையிலான அரசு ரேஷன் கடைகளை மீண்டும் திறந்தது. 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசமாக வழங்கப்பட்டன. ஆட்சியில் இருப்பவர் யாராயினும் செய்த நன்மையை நன்மை என்றே சொல்ல வேண்டும். அதே மூச்சில், பண்டிகைக்குத் திறக்கும் கதவு பண்டிகையோடு சாத்தப்படுவது நம் நாட்டு வழக்கம் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆதலால் மூன்று கோரிக்கைகள். ஒன்று, அரிசி மாதந்தோறும் குறித்த நாளில், உண்ணத்தக்க தரத்தில் வரவேண்டும்; வராத மாதத்துக்கு விளக்கம் கொடுக்கும் கடமை அரசுக்கு இருக்கவேண்டும். இரண்டு, பருப்பும் எண்ணெயும் நிலையான விலையில் ஆண்டு முழுவதும் கடைக்கு வரவேண்டும். அரிசி வயிற்றை நிரப்பும். குறைப்பு வரிசையில் முதலில் வெட்டுப்படுவது பருப்பும் எண்ணெயுமே. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளின் இறக்குமதி வரி 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 விழுக்காடாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. எண்ணெய் வித்து பயிரிடும் உழவருக்கு அது நன்மை என்றால் இருக்கட்டும். அந்த நன்மையின் விலையை வில்லியனூர்க் கூலிக்காரியின் வாணலியிலிருந்து வசூலிக்கலாகாது. மூன்று, பணமாகக் கொடுக்கும் உதவி எதுவாயினும், குடும்பத் தலைவிக்கு 2023 முதல் வழங்கத் தொடங்கிய உதவித் தொகை உட்பட, அது உணவு விலையோடு பிணைக்கப்படவேண்டும். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசியின் இடத்தில் அமரும் பணத்தைத்தான் மறுக்கிறேன்.

கருவூலத்தில் பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு மறுகேள்வி ஒன்று உண்டு. அரசிடம் பணம் இல்லாதபோது விலையேற்றத்தின் பாரம் மறைந்துவிடுகிறதா? இல்லை. அது இடம் மாறுகிறது. கருவூலக் கணக்கில் எழுதப்படாத தொகை மளிகைக் கடையின் பற்று நோட்டில் எழுதப்படுகிறது. அங்கும் இடம் இல்லாதபோது அடகுக் கடைச் சீட்டிலும், கடைசியாக உண்பவளின் உடம்பிலும் எழுதப்படுகிறது.

அறிவுரையாளர்களுக்கு ஒரு சொல்லோடு நிறுத்துகிறேன். ஏழைக்குச் சிக்கனம் போதிக்க விரும்புவோர் முதலில் அரசுக்கு அளவை போதிக்கட்டும். கிலோ என்பது ஆயிரம் கிராம். அது கண்டமங்கலத்திலும் ஆயிரம், அரியூரிலும் ஆயிரம், இந்த ஆண்டும் ஆயிரம், அடுத்த ஆண்டும் ஆயிரம். ரூபாய்க்கு அந்த உறுதி இல்லை. ஏழையின் உணவை எதனால் அளப்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. கிலோவால் அளக்கவேண்டும் என்கிறேன்.